கிழக்குச் சுவரின் சாய்வுக்கட்டை

மேல் உத்தரம் இறங்கிவிட்டது. அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டிய சாய்வுக்கட்டை இன்னும் புல்லில் கிடந்தது. மர ஆணி சீவிக்கொண்டிருந்த எந்த்ரெஸ் தலையைத் தூக்கி இரண்டையும் பார்த்தான். கத்தி அவன் கையில் அப்படியே நின்றது.

கிழக்கு மூலையில் சாரத்தின் மேல் ஹெய்னி காலை அகட்டி நின்று, முதல் ஆணியைத் துளையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல். 'நிறுத்துங்க' என்று ஒரு சொல் போதும். ஆணி இறங்காத உத்தரத்தை நாலு பேர் ஒரு மூச்சில் தூக்கிவிடலாம். எந்த்ரெஸ் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

கொட்டாப்புளி விழுந்தது. ஓக் ஆணி முனகிக்கொண்டே ஓக் உத்தரத்துக்குள் இறங்கியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறக்காமலே கெட்டவன் ஒருவன் உண்டென்றால் அது எர்லன்ஃபுர்ட் ஊர்த் தச்சன் மகன் எந்த்ரெஸ்தான்.

யாக்ஸ்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்வாபியா, இந்தப் பக்கம் ஃபிராங்கோனியா. இரண்டு கரைக்கும் ஒரே சாமி, ஒரே மழை, ஒரே ஓக் மரம். வீடு கட்டுவதில் மட்டும் ஏழாம் பொருத்தம். அக்கரைக்காரர்கள் தூண்களை எட்ட எட்ட நடுவார்கள். தூணும் உத்தரமும் நின்று முடிந்த பிறகு, சாய்வுக்கட்டையை வெளிப்பக்கமிருந்து பள்ளத்தில் பதித்து, ஆணி அடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இக்கரையில் அந்தக் கதை நடக்காது. இங்கே சாய்வுக்கட்டையின் இரண்டு முனையிலும் நாக்குப் போலக் கழுந்து செதுக்குவார்கள். கீழ்க் கழுந்து தரையோடு கிடக்கும் அடிக்கட்டையின் துளையில் உட்காரும், மேல் கழுந்து உத்தரத்தின் துளையில் உட்காரும். ஆகவே சாய்வுக்கட்டை நின்ற பிறகுதான் அதன் தலைமேல் உத்தரம் இறங்க வேண்டும். உத்தரம் முந்திக்கொண்டால் கட்டையை உள்ளே நுழைக்க வழியே கிடையாது. எர்லன்ஃபுர்ட்டில் பால் மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். அதனாலேயே யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

வெண்டெலும் சொல்லவில்லை. அவன் அக்கரையில் பிறந்தவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் எந்த்ரெஸின் அப்பாவிடம் கூலிக்கு வந்து, இக்கரை வேலையைக் கற்று, அவர் மகள் இர்மெலைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். இன்றைக்கு வீடு நிறுத்த ஆள் போதவில்லை. ஊர்த் தச்சர்களில் பாதிப்பேர் அக்கரைக்காரனுக்கு நாங்கள் ஏன் தோள் கொடுக்கணும் என்று முதுகுவலியைக் காரணம் சொல்லிப் படுத்துக்கொண்டார்கள். எனவே வெண்டெலின் அண்ணன் ஹெய்னி, தன் ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு விடியும் முன்பே பாலம் தாண்டி வந்துவிட்டான். வெண்டெல் வந்திருந்த ஊர்த் தச்சர்களோடு மேற்குச் சுவரில் நின்றான். கிழக்குச் சுவரை அண்ணனிடம் விட்டான். "மரத்துல எண்ணு வெட்டியிருக்கேன். அதும்படி நிறுத்துங்க" என்று சொல்லியிருந்தான். எந்த மரம் எங்கே என்று எண் சொல்லும். எது முந்தி எது பிந்தி என்று அது சொல்லாது.

எந்த்ரெஸுக்குப் பகை ஹெய்னியோடு இல்லை. அவன் கணக்கு வேறு.

போன குளிர்காலத்தில் அப்பா இறந்தார். இந்தச் சின்ன ஊருக்குத் தலைமைத் தச்சர் இடம் ஒன்றே ஒன்று. அந்த இடம் யாருக்கோ பட்டறையும் அவருக்கே. எந்த்ரெஸ் ஊர் ஊராகப் போய் வேலை செய்துவிட்டு இந்த வசந்தத்தில்தான் திரும்பியிருந்தான். தச்சர் சங்கத்து விதிப்படி அவன் இன்னும் ஒரு வருஷம் ஊரில் உட்கார்ந்தால்தான் இடம் கேட்கலாம். வெண்டெல் கேட்டுவிட்டான். ஒரே நாளில், மாலை மணி அடிப்பதற்குள், ஊர் முறைப்படி ஒரு வீட்டுச் சட்டத்தைத் தன் பொறுப்பில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று சங்கம் சொல்லிவிட்டது. நின்றால் வெண்டெல் தலைமைத் தச்சர். நிற்காவிட்டால் அவன் இந்த ஊரில் மறுபடி கேட்கவே முடியாது. அடுத்த வருஷம் இடம் எந்த்ரெஸுக்கு வரும்.

அப்பாவின் பட்டறையில், அப்பா மரம் செதுக்கிய வாச்சியை ஒரு அக்கரைக்காரன் கையிலிருந்து வாங்கி வேலை செய்ய வேண்டும் என்பதை நினைத்தாலே எந்த்ரெஸுக்கு வயிறு எரிந்தது. அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. எரிகிற வயிறு என்றைக்கு நியாயம் பார்த்திருக்கிறது.

இரண்டாவது ஆணியும் இறங்கியது.

"மச்சான், ஆணி தீந்துபோச்சு. இன்னும் ரெண்டு சீவிப்போடும்" என்று ஹெய்னி மேலிருந்து கத்தினான். பெரிய உடம்பு, செம்பட்டைத் தாடி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தம்பி மச்சினன் தனக்கும் மச்சான்தான் என்று காலையிலேயே உறவு கொண்டாடிவிட்டான்.

எந்த்ரெஸ் சீவிய ஆணிகளை எடுத்துக்கொண்டு போனான். சாய்வுக்கட்டையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டினான். ஆணிகளை மேலே நீட்டினான்.

"நல்ல காய்ஞ்ச ஆணி. அடிச்சா பிள்ளை குட்டி காலம் வரைக்கும் வராது" என்றான் ஹெய்னி.

"வராது" என்றான் எந்த்ரெஸ்.

சொல்ல வேண்டும் என்றால் இப்போதும் சொல்லலாம். ஆனால் இப்போது சொன்னால், முன்னமே ஏன் சொல்லவில்லை என்று ஒரு கேள்வி வரும். ஒவ்வொரு ஆணிக்கும் அந்தக் கேள்வி வளர்ந்துகொண்டே போனது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அவன் திரும்பிப்போய் உட்கார்ந்து அடுத்த ஆணியைச் சீவ ஆரம்பித்தான்.

மதியம் இர்மெல் கூடையோடு வந்தாள். கறுப்பு ரொட்டி, பன்றித் தொத்திறைச்சி, வெங்காயம், இரண்டு ஜாடி பீர். இரண்டு ஊர் ஆட்களும் இரண்டு கூட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவே வீட்டுச் சட்டம் நின்றது. நாலு சுவரும் தற்காலிக முட்டுகளின் மேல் சாய்ந்திருந்தன. மேற்குச் சுவரில் சாய்வுக்கட்டைகள் ஒழுங்காக உட்கார்ந்து, கையும் காலும் விரித்த ஆள் போல அந்த ஊருக்கே உரிய கோலத்தில் தெரிந்தன.

ஹெய்னி அதைக் காட்டி, "ஏ, உங்க ஊர்ச் சுவத்துல எல்லாம் ஒரு ஆளு நிக்கானே, அவன் யாருக்குக் காவல்? வீட்டுக்காரனுக்கா, வீட்டுக்காரிக்கா?" என்றான்.

ஊர்த் தச்சன் லுட்ஸ், "உங்க ஊர் வீட்டுத் தூணு பொக்கை வாயில பல்லு மாதிரி ஒண்ணு இங்க ஒண்ணு அங்க. அதுக்கு இது தேவலாம்" என்று திருப்பிக் கொடுத்தான்.

"பல்லு கம்மியா இருந்தாலும் நல்லா மெல்லுவோம்லா" என்று ஹெய்னி தொத்திறைச்சியை வாயில் திணித்தான். இரண்டு கூட்டமும் சிரித்தது. எந்த்ரெஸும் பல்லைக் காட்டினான். ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

இர்மெல் அவன் பக்கத்தில் வந்து குனிந்தாள். "என்னடா, சாப்பிடாம வச்சுக்கிட்டிருக்க?"

"பசிக்கல, அக்கா."

"எனக்கும்தான் காலையிலேருந்து ஒரு வேலையும் ஓடல. சாயங்காலம் வரைக்கும் அவரு பக்கத்துலயே இருடா. பதட்டத்துல எதையாவது கோட்டை விட்டுருவாரு. அவரு அண்ணன் ஆளுங்க நல்லவங்கதான், ஆனா நம்ம முறை அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு கண்ணு வச்சுக்கோ."

"சரிக்கா" என்றான். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு, காய்ச்சலில் பக்கத்தில் படுத்து, தேசாந்திரம் போனபோது பாலம் வரைக்கும் கூடவே நடந்து வந்தவள் அவள். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் 'சரி' என்று சொன்னான் என்றால், வாய்க்குப் பழகிப்போயிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் குறுக்கு விட்டங்கள் ஏறின. ஒவ்வொன்றும் ஆறு பேர் தூக்குகிற கனம். கயிற்றில் கட்டி, ஏற்றி, கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் பாலம் போலப் போட்டார்கள். மேற்கே வானம் சாம்பலாக மாறியிருந்தது. காற்று எழுந்து, புல்லைப் படுக்கவைத்துப் போனது. சட்டம் ஒருமுறை கிறீச்சிட்டது. வெண்டெல் விட்டத்தின் மேலிருந்து தலையைத் திருப்பினான். நல்ல தச்சனுக்கு அந்தச் சத்தம் பல்லில் கேட்கும்.

அவன் இறங்கி வந்தான். மெல்லச் சுற்றி நடந்தான். கிழக்குச் சுவருக்கு வந்ததும் நின்றான்.

புல்லில் கிடந்த சாய்வுக்கட்டையைப் பார்த்தான். மேலே உத்தரத்தைப் பார்த்தான். மறுபடி கட்டையைப் பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

"அண்ணே" என்றான். "இது ஏன் இங்க கெடக்கு?"

"அதா? இப்பம் மாட்டிப்புடுவோம்லே. எல்லாம் நின்ன பொறவுதான மாட்டணும்?" ஹெய்னி சிரித்துக்கொண்டே வந்து கட்டையைத் தூக்கித் தோளில் சாய்த்தான். முனையைப் பார்த்தான். மறுமுனையைத் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல நின்றது. "இதென்னலே, ரெண்டு பக்கமும் நாக்க நீட்டிக்கிட்டு நிக்கி?"

ஊர்த் தச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லுட்ஸ் குனிந்து தன் செருப்பைக் கட்டினான். அவன் சிரிப்பை மறைக்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

வெண்டெல் எந்த்ரெஸ் பக்கம் திரும்பினான். "மச்சான், நீ இந்த மூலையிலதானே இருந்த?"

"ஆணி சீவிக்கிட்டிருந்தேன் அத்தான். கவனிக்கல."

பொய் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வெண்டெல் தலையசைத்தான். நம்பிவிட்டான். அவன் நம்பியதுதான் எந்த்ரெஸைக் குத்தியது.

சங்கத்துப் பெரியவர் குன்ட்ஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாலையில் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர். கெட்டவர் இல்லை. ஆனால் விதி என்றால் விதி. ஒருமுறை பார்த்ததிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"என்ன செய்யப்போற, வெண்டெல்?"

ஹெய்னி முந்திக்கொண்டான். "பெரியவரே, இதுல என்ன இருக்கு? நாக்கு ரெண்டையும் அறுத்து எறிஞ்சிட்டு, வெளிப்பக்கம் பள்ளம் எடுத்துப் பதிச்சு ஆணி அடிச்சிருதேன். நொடியில முடிஞ்சிரும். எங்க ஊர்ல எரநூறு வருசமா அப்பிடித்தான் நிக்கி."

"உங்க ஊர்ல நிக்கும்" என்றார் குன்ட்ஸ். "இது எங்க ஊரு. அப்படிச் செஞ்சா வீடு நிக்கும், இவன் நிக்க மாட்டான்."

வெண்டெல் வானத்தைப் பார்த்தான். காற்று மறுபடி வந்தது. கிழக்கு மூலை லேசாக ஆடி, முட்டின் மேல் சாய்ந்து நின்றது.

"ஆணியைத் தோண்டி எடுக்கிறேன். மூலையை நெம்பித் தூக்கி, கட்டையை உள்ள விடுறேன்."

"விட்டமெல்லாம் மேல கெடக்குடா."

"தெரியும் ஐயா."

துளைபோடும் துறப்பணத்தை எடுத்துக்கொண்டு வெண்டெல் சாரத்தில் ஏறினான். ஹெய்னியின் ஆட்கள் கீழே நீளமான மரங்களை நெம்புகட்டையாக வைத்துத் தயாரானார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெம்ப வேண்டும். அதற்கு அவர்கள் போதவில்லை. வெண்டெல் ஊர்த் தச்சர்களைப் பார்த்தான்.

லுட்ஸ் கையைக் கட்டிக்கொண்டு, "உங்க அண்ணன் அடிச்ச ஆணி. உங்க அண்ணனே பிடுங்கட்டும்" என்றான்.

மற்றவர்களும் அசையவில்லை. அவர்கள் கண் எந்த்ரெஸ் மேல் இருந்தது. இறந்துபோன தலைமைத் தச்சரின் மகன் அவன். அவன் சும்மா நின்றால் அவர்களும் சும்மா நிற்பார்கள். மாலை மணி அடிக்கும், காரியம் முடிந்துவிடும். ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

மேலே வெண்டெல் தனியாக ஆணியைத் துளைத்துக்கொண்டிருந்தான். எந்த்ரெஸ் சீவிய ஆணி. காய்ந்த ஓக், இரும்பு மாதிரி. துறப்பணம் கிறீச் கிறீச் என்று சுற்றியது. வியர்வை அவன் மூக்கிலிருந்து சொட்டியது. கூடையைப் பிடித்தபடி இர்மெல் தூரத்தில் நின்றாள். அவள் யாரையும் திட்டவில்லை, கெஞ்சவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வாங்கடா" என்றான் எந்த்ரெஸ்.

லுட்ஸ் அவனை வெறித்துப் பார்த்தான். "உனக்குப் பைத்தியமா?"

"வாங்கன்னு சொன்னேன்ல. நெம்புகட்டையைப் பிடிங்க."

அவர்கள் வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே. வெண்டெல் மேலிருந்து பார்த்தான். நன்றி சொல்ல நேரமில்லை. "மச்சான், நீ முட்டுமரத்தைப் பிடி. உத்தரம் தூக்கினதும் மூலைத் தூணுக்குப் பிடிமானம் இருக்காது. முட்டு ஒண்ணுதான். அதை விட்டுராதே."

முட்டு என்பது தூணில் சாய்த்து வைத்த ஒரு கனமான மரம். அதன் அடி தரையில் அடித்த முளையில் அண்டியிருந்தது. எந்த்ரெஸ் தோளை அதற்குக் கீழே கொடுத்தான்.

ஆணிகள் வெளியே வந்தன. ஒன்று பாதியில் ஒடிந்து, அதை உளியால் தோண்ட வேண்டியிருந்தது. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. கோயில் கோபுரத்து மணிக்காரன் மேலே ஏறிவிட்டதாக யாரோ சொன்னார்கள். வெண்டெல் கீழே இறங்கி, சாய்வுக்கட்டையின் அடிக் கழுந்தை அடிக்கட்டையின் துளையில் வைத்து, கட்டையை நிமிர்த்தி, உத்தரத்துக்குக் கீழே கொண்டுவந்தான்.

"தூக்குங்க!"

இரண்டு ஊரும் சேர்ந்து அழுத்தியது. உத்தரம் முனகியது. மேலே விட்டங்கள் நறநறவென்றன. ஒரு விரல் அளவு எழும்பியது. இரண்டு விரல்.

"இன்னும்!"

நாலு விரல் அளவு இடைவெளி திறந்தது. வெண்டெல் வலது கையால் கட்டையின் தலையைத் தள்ளி, துளைக்கு நேராகக் கழுந்தைக் கொண்டுவந்தான். கிட்டத்தட்ட உட்கார்ந்துவிட்டது.

அப்போது காற்று வந்தது. சட்டம் முழுவதும் கிழக்கே சாய்ந்தது. எந்த்ரெஸ் தோளில் ஒரு மலை இறங்கியது. முட்டின் அடியிலிருந்த முளை மண்ணைப் பிளந்துகொண்டு நகர ஆரம்பித்தது. அவன் குதிகாலை மண்ணில் ஊன்றினான். முட்டு அவனைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனது.

"விட்டுட்டு ஓடு! ஓடுடா!" லுட்ஸ் கத்தினான்.

விட்டால் மூலை சரியும். மூலை சரிந்தால் உத்தரமும் அதன் மேல் கிடக்கிற விட்டங்களும் வெண்டெலின் தலையில் விழும். பிறகு பட்டறை எந்த்ரெஸுக்கு வந்துவிடும். எல்லாமே ஒரு நொடியில் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததை நினைத்து பிற்பாடு பல வருஷம் அவன் வெட்கப்பட்டான். அவன் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்து, முழங்கால் மண்ணில் பதிய, கத்திக்கொண்டே தள்ளினான். ஹெய்னி நெம்புகட்டையை மற்றவர்களிடம் விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அவன் பக்கத்தில் தோள் கொடுத்தான். முட்டு நின்றது. சட்டம் திரும்பி வந்தது.

ஆனால் ஒரு ஆள் குறைந்த நெம்புகட்டை வழுக்கியது. உத்தரம் இறங்கியது.

கழுந்து துளையில் சரியாக உட்கார்ந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு வெண்டெலின் அலறல். அவன் வலது கை விரல்கள் கட்டையின் தோளுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இருந்தன.

மறுபடி நெம்பி, கையை வெளியே எடுத்தார்கள். இர்மெல் இடுப்பில் கட்டியிருந்த முன்துணியைக் கிழித்துச் சுற்றினாள். துணி உடனே சிவந்தது. காயம் கட்டவும் தெரிந்த ஊர் நாவிதர் ஓடி வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "சுட்டுவிரலும் நடுவிரலும் போச்சு. மத்தது பிழைக்கும்" என்றார். வெண்டெல் ஒரு வெட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஆணி அடிங்க. மணி அடிக்கிறதுக்குள்ள அடிங்க" என்றான்.

ஆணியை எந்த்ரெஸ் அடித்தான். லுட்ஸும் கூட நின்று அடித்தான். ஊர்த் தச்சர்கள் யாரும் அதன் பிறகு சிரிக்கவில்லை. சட்டம் நின்றதற்கு அடையாளமான சின்ன ஊசியிலை மரத்தைத் தூக்கிப்போய் உச்சியில் கட்டியதும் எந்த்ரெஸ்தான். அவன் கீழே இறங்கும்போது மாலை மணி அடித்தது.

குன்ட்ஸ் பெரியவர் தூக்குக்குண்டை எடுத்து, நாலு மூலையிலும் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கிழக்கு மூலையில் அதிக நேரம் நின்றார். சாய்வுக்கட்டையைத் தடியால் தட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"நிக்குது. நம்ம முறைப்படி நிக்குது. தலைமைத் தச்சரே, கையைக் கவனிச்சுக்கோங்க."

கைதட்டல் எழுந்தது. அக்கரைக்காரர்கள் விசில் அடித்தார்கள். பீர் குவளை வந்தது. வீடு நின்ற அன்றைக்கு ஒரே குவளைதான்; தோள் கொடுத்த ஒவ்வொருவரும் அதிலிருந்து குடிக்க வேண்டும். வேலையில் ஒளித்தது ஏதும் இல்லை என்பதற்கு அது சத்தியம். முதல் மிடறு யாருக்கு என்று தலைமைத் தச்சர் சொல்ல வேண்டும்.

வெண்டெல் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "எந்த்ரெஸுக்குக் குடுங்க" என்றான். "முட்டுமரத்தை அவன் விட்டிருந்தா, நீங்க இப்ப எனக்குச் சவப்பெட்டி செஞ்சுக்கிட்டு இருப்பீங்க."

குவளையைக் கொண்டுவந்து எந்த்ரெஸ் கையில் வைத்தார்கள். நுரை அவன் விரல்மேல் வழிந்தது. இர்மெல் அவனைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, குடித்துவிடலாம் என்றுதான் அவன் நினைத்தான். குடித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

பக்கத்தில் ஹெய்னி தரையில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, பிள்ளை மாதிரி அழுதான்.

"என் கைதாம்லே உன் கைய முறிச்சிட்டு. நாந்தான் ஆணி அடிச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? கேட்டேனா, பாவி? அம்மாட்ட போயி என்னன்னு சொல்லுவேன்? இனி நான் கொட்டாப்புளியே தொட மாட்டேம்லே..."

"விடுண்ணே. உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் வெண்டெல்.

"தெரிஞ்சிருக்கணும்லா!"

எந்த்ரெஸால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த ஆள் சாகிறவரைக்கும் இப்படியே அழுதுகொண்டிருப்பான் என்று தோன்றியது.

"அழாதீங்க" என்றான். "உங்க மேல தப்பு இல்ல. நான் பாத்தேன்."

ஹெய்னி தலையைத் தூக்கினான். "என்னத்த பாத்தீரு?"

"கட்டை கீழ கெடந்ததைப் பாத்தேன். நீங்க ஆணியைக் கையில வச்சிருந்ததையும் பாத்தேன். தெரிஞ்சேதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கைதட்டல், விசில், எல்லாம் நின்றது. காற்று மட்டும் உச்சியிலிருந்த மரக்கிளையை அசைத்துக்கொண்டிருந்தது.

"எப்ப?" என்றான் வெண்டெல்.

"முதல் ஆணிக்கு முன்னாடி."

வெண்டெல் தன் மடியில் கிடந்த துணி மூட்டையைப் பார்த்தான். அது தன் கைதான் என்று இப்போதுதான் தெரிந்தது போலப் பார்த்தான். கோபம் வரும் என்று எந்த்ரெஸ் காத்திருந்தான். வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்புறம் ஏண்டா முட்டுமரத்தைப் பிடிச்ச?"

எந்த்ரெஸ் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "தெரியல அத்தான்."

குன்ட்ஸ் பெரியவர் தடியைத் தரையில் தட்டினார். "குவளையைக் குடு. இது உனக்கு இல்ல. இந்த ஊர்ச் சங்கத்துல நீ இனிமே எந்த நாளும் இடம் கேட்க முடியாது, உங்க அப்பன் எழுந்து வந்து கேட்டாலும் கிடையாது. கூலித் தச்சனா இரு. அதுவும் யாராவது வச்சுக்கிட்டா."

எந்த்ரெஸ் குவளையை நீட்டினான். வாங்க யாரும் வரவில்லை. கடைசியில் இர்மெல் வந்து அதை அவன் கையிலிருந்து எடுத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எடுத்தாள். அவள் அறைந்திருந்தால்கூட அவன் நன்றியோடு வாங்கியிருப்பான். அவள் திரும்பிப் போய், இடது கையால் குவளையைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறிய கணவனுக்கு அதை வாயில் வைத்துப் பிடித்தாள்.

வெண்டெல் இரண்டு மிடறு குடித்தான். இருமினான். பிறகு, எந்த்ரெஸைப் பார்க்காமலே, வீட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நாளைக்குக் கைமரம் ஏத்தணும். மழைக்கு முன்னாடி கூரை மூடணும். எனக்குப் பிடிக்கக் கை இல்ல." மூச்சு வாங்கினான். "விடிஞ்சதும் வந்துரு."

எந்த்ரெஸ் அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும், வா என்றோ வராதே என்றோ, எதுவானாலும் சரி என்று காத்திருந்தான். இர்மெல் கிழித்ததில் மிச்சமிருந்த முன்துணியால் வெண்டெலின் தாடையில் வழிந்த பீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.